அருவி பக்கத்தில்தான்... பாதை எங்கே?

ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை நாலே முக்கால் மணி. சென்னீர்குப்பம் ஆவடி சாலையோரத் தேநீர்க் கடையில் முதல் பாய்லர் அப்போதுதான் கொதிக்கத் தொடங்கியிருக்கிறது. ஏழெட்டு பைக்குகள் வரிசையாக நிற்கின்றன. பின் இருக்கைகளில் பை, பைக்குள் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும், ஒரு மாற்று உடை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர், திருவேற்காட்டுக் கல்லூரி மாணவர் இருவர். தூக்கம் கண்ணில் இருக்கிறது, உற்சாகம் குரலில் இருக்கிறது. "ஆறரைக்குள்ள ஊத்துக்கோட்டையத் தாண்டிடணும்டா, லேட்டானா வெயில்ல சாவோம்" என்று ஒருவர் அவசரப்படுத்துகிறார். டம்ளர்கள் காலியாகின்றன. திருமழிசை, வெள்ளவேடு, மணவாளநகர், திருவள்ளூர், பூண்டி, சீத்தஞ்சேரி, ஊத்துக்கோட்டை என்று அவர்களுக்கு வழி மனப்பாடம். ஏறக்குறைய 70 கிலோமீட்டரில் நாகலாபுரம். அங்கே மலை. மலைக்குள் அருவி.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மேகம் விலகியதும் சென்னையின் மேற்குப் புறநகரில் வாராவாரம் நடப்பது இது. கைப்பேசியைத் திறந்தால் பச்சைத் தண்ணீரில் குதிக்கும் காணொளிகள். நண்பர் குழுக்களில் "ஒன் டே ட்ரிப், யாரெல்லாம் ரெடி?" என்ற கேள்வி. அதே கைப்பேசியில் அதே வாரம் இன்னொரு வகைச் செய்தியும் வருகிறது: அருவிக் குளத்தில் மூழ்கி இளைஞர் பலி. தடா, நாகலாபுரம் என்ற பெயர்கள் நமக்கு அறிமுகமானது இந்த இரண்டு வகைச் செய்திகளாலும்தான்.

இந்த இளைஞர்கள் போவது தவறு என்று நான் நினைக்கவில்லை. போக வேண்டும் என்றே நினைக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் இரும்புச் சத்தத்திலும் டிராஃபிக் புகையிலும் கழிக்கிறவருக்கு ஒரு நாள் மரநிழலில் நடக்கக் கொடுத்துவைக்காவிட்டால் அது என்ன நகரம்? கேள்வி வேறு. பக்கத்திலேயே அருவி இருக்கிறது; ஆனால் அதற்குப் பத்திரமாகப் போய்த் திரும்ப ஒரு பாதை, ஒரு வழிகாட்டி, ஒரு எச்சரிக்கைப் பலகை ஏன் இல்லை?

மலை எப்படிப்பட்டது?

ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் ஆந்திரம். சுருட்டப்பள்ளியில் சிவபெருமான் சயனக் கோலத்தில் இருக்கும் பள்ளிகொண்டேஸ்வரர் கோயில். அதற்கப்பால் நாகலாபுரம், அங்குள்ள வேதநாராயணர் கோயிலோடும் ஊரின் பெயரோடும் கிருஷ்ணதேவராயரும் அவர் தாய் நாகலா தேவியும் பேசப்படுகிறார்கள். ஊருக்குப் பின்னால் எழும் மலைத்தொடர் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருப்பதி மாவட்டத்தில் வருகிறது.

இந்த மலையின் பாறை குவார்ட்சைட். புவியியலாளர்கள் 'நகரி குவார்ட்சைட்' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். கடலில் வருகிற மாலுமிகளுக்கு அடையாளமாக இருந்த 'நகரி மூக்கு' சிகரமும் இந்தப் பாறைதான். எளிதில் கரையாது, செங்குத்தாகப் பிளக்கும். அதனால்தான் ஓடைகள் படிப்படியாக விழுகின்றன; ஒவ்வொரு படியின் அடியிலும் ஆழமான குளம் உருவாகிறது. சேறு இல்லாததால் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. அடி தெரிகிற தண்ணீர் ஆழமில்லாத தண்ணீர் என்று நகரத்துக் கண் நம்பிவிடுகிறது. அங்கேதான் முதல் ஆபத்து.

காடு பெரும்பாலும் வறண்ட இலையுதிர் காடு. ஓடைக்கரையில் மட்டும் நீர்மருதும் நாவலும் அடர்ந்து நிழல் தருகின்றன. பாதை என்று தனியாக ஒன்று கிடையாது. ஓடைதான் பாதை. பாறைக்குப் பாறை தாவி மேலேறுவார்கள். முன்னால் போனவர்கள் பாறையில் தீட்டிய அம்புக்குறி அங்கங்கே தெரியும். எந்தக் குழு, எந்த ஆண்டு, எதற்காகத் தீட்டியது என்று யாருக்கும் தெரியாது. ஓடை இரண்டாகப் பிரிகிற இடத்தில் வலதா இடதா என்பதுதான் இந்த மலையின் பெரிய கேள்வி. ஏறும்போது எல்லா ஓடைகளும் ஒன்றாகவே தோன்றும். இறங்கும்போது எதுவும் பார்த்த இடமாகத் தோன்றாது. மாலை ஐந்தரைக்குப் பள்ளத்தாக்கில் வெளிச்சம் சட்டென்று குறைகிறது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. இரவு முழுக்கக் காட்டில் மாட்டிக்கொண்டு மறுநாள் மீட்கப்பட்டவர்களின் கதைகள் புறநகர் நண்பர் வட்டங்களில் ஏராளம்.

பெட்டிச் செய்தி: மேற்குப் புறநகருக்கு எட்டும் தூரத்தில்

உப்பலமடுகு (தடா அருவி): வரதய்யபாளையம் அருகே, கம்பாக்கம் மலையில். வனத்துறை நுழைவாயில் உண்டு, கட்டணம் உண்டு. பலத்த மழையில் மூடிவிடுவார்கள்.

கைலாசகோனா: ஊத்துக்கோட்டை–புத்தூர் வழியில், நாராயணவனம் அருகே. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதுவே எளிது. அருவி வரை படி உண்டு, கோயில் உண்டு. கோடையிலும் தண்ணீர் முற்றாக வற்றாது என்பது இதன் பெருமை.

தலக்கோனா: திருப்பதிக்கு மேற்கே, ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவில். ஆந்திரத்தின் மிக உயரமான அருவி, 270 அடி. ஒரே நாளில் போய்த் திரும்புவது சிரமம்.

குடியம் குகை: அருவி இல்லை. ஆனால் பூண்டியை ஒட்டி, தமிழ்நாட்டு எல்லைக்குள், வழிகாட்டியோடு நடக்கக்கூடிய காட்டுப் பாதை.

கிணற்றில் விழாத தலைமுறை

அருவியில் இறப்பவர்களைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இரண்டு: குடி, செல்ஃபி. இரண்டும் உண்மைதான். ஆனால் அவற்றோடு நிறுத்திக்கொள்வது வசதியான பதில். இறந்தவர் மேலேயே பழியைப் போட்டுவிட்டுக் கோப்பை மூடிவிடலாம்.

எனக்குப் பெரிய காரணமாகப் படுவது வேறு. இந்தத் தலைமுறைக்கு நீச்சல் தெரியாது. தெரிந்துகொள்ள இடமும் இல்லை. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் அறுபது வயதைத் தாண்டிய எவரையும் கேட்டுப் பாருங்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டியோ, முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டியோ கிணற்றில் தள்ளிவிட்ட மாமாவைப் பற்றிச் சொல்வார்கள். கமலைக் கிணறும் பம்புசெட்டுத் தொட்டியும் ஏரி மதகும்தான் அன்றைய நீச்சல் பள்ளி. வயல்கள் மனையாகின, கிணறுகள் தூர்ந்தன. ஏரிகளில் கழிவுநீர் கலந்தது. பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்துப் பூங்கா ஆக்கினார்கள். நடக்கலாம், படகில் போகலாம், இறங்க முடியாது. மாநகரின் பெயர்பெற்ற பொது நீச்சல் குளங்களான மெரினாவும் வேளச்சேரியும் கிழக்கிலும் தெற்கிலும் இருக்கின்றன. சென்னீர்குப்பத்துப் பையன் தன் வாழ்நாளில் முதன்முதலாகக் கழுத்தளவுத் தண்ணீரைப் பார்ப்பதே அருவிக் குளத்தில்தான் என்றால், அங்கே அவன் எப்படிப் பிழைப்பான்?

நீச்சல் தெரிந்தவருக்கும் அருவிக் குளம் வேறு மாதிரியானது. மேலிருந்து விழும் தண்ணீர் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. வெள்ளை நுரையாகத் தெரிவது பாதி காற்று. அந்த நுரைத் தண்ணீரின் அடர்த்தி குறைவு; உடலைத் தாங்கும் விசையும் குறைவு. வழக்கமான குளத்தில் மிதக்கிறவர் இங்கே அமிழ்கிறார். விழுந்த தண்ணீர் அடியில் போய் மோதிச் சுருண்டு, மறுபடி அருவியின் காலடிக்கே திரும்புகிறது. கரைக்கு நீந்த முயல்கிறவரை அந்தச் சுழற்சி பின்னால் இழுக்கிறது. பாறையில் படியும் மெல்லிய பாசிப் படலம் வழுக்கி, பிடித்து ஏறவும் விடுவதில்லை. மேலிருந்து குதிக்கிறவருக்கு அடியில் இருக்கும் பாறை தெரியாது. போன வருடம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வருட வெள்ளம் கல்லை உருட்டி வைத்திருக்கும்.

இன்னொன்றையும் இந்தச் செய்திகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். மூழ்குவது ஒருவர், இறப்பது இரண்டு பேர், மூன்று பேர். நண்பனைக் காப்பாற்றக் குதித்தவனும் போய்விடுகிறான். மூழ்குகிறவர் பயத்தில் கிட்டே வருகிறவரை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அதை அவர் தெரிந்து செய்வதில்லை. எனவே கரையில் நின்றுகொண்டே எதையாவது எட்ட நீட்டுவதுதான் முதல் வேலை. கயிறு, துப்பட்டா, நீளக் கொம்பு, மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன் எதுவானாலும் சரி. இருபது லிட்டர் காலிக் கேன் ஒன்று ஓர் ஆளை மிதக்க வைக்கும். பைக்கில் ஒரு கேனைக் கட்டிக்கொண்டு போவதில் வெட்கமில்லை.

இந்தியாவில் நீரில் மூழ்கி இறப்போர், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக் கணக்குகளின்படி, ஆண்டுக்கு 35,000 பேருக்கு மேல். சாலை விபத்துக்குத் தலைக்கவசம், சீட் பெல்ட் என்று எத்தனை இயக்கங்கள் நடத்துகிறோம். ஐ.நா. சபை 2021-ல் ஜூலை 25-ஐ நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. நம் பள்ளிகளில் அப்படி ஒரு நாள் வந்துபோனதாகத் தெரிகிறதா?

மேலே எங்கோ பெய்த மழை

2024 மே 17. கோடை விடுமுறை. பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலைக்கு மேல் தண்ணீரின் நிறம் மாறுவதைப் பார்த்தார்கள். சில நொடிகளில் காட்டாற்று வெள்ளம் பாறைகளைத் தாண்டிப் பாய்ந்தது. ஓடியவர்கள் தப்பினார்கள். திருநெல்வேலியிலிருந்து உறவினர்களோடு வந்திருந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். சீசன் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. மலை மேல் பெய்த கோடை மழைதான் காரணம்.

அடுத்த மாதமே, ஜூன் 30 அன்று, மகாராஷ்டிர மாநிலம் லோனாவாலாவில் பூஷி அணை அருகே ஓர் அருவியின் நடுவில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்ற குடும்பத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை நாடே காணொளியில் பார்த்தது. அதில் ஐந்து பேர் இறந்தார்கள்.

குற்றாலத்தில் காவல்துறை இருக்கிறது, சங்கு இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. அங்கேயே இப்படி என்றால், யாருமே இல்லாத நாகலாபுரத்து ஓடையில்? பள்ளத்தாக்கில் நிற்கிறவருக்கு மேலே மலை முகட்டில் பெய்யும் மழை தெரியாது. தெளிந்த தண்ணீர் கலங்கத் தொடங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, அருவியின் இரைச்சல் திடீரென்று கனப்பது - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பையைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஓடையோடு கீழ்நோக்கி ஓடக் கூடாது, பக்கவாட்டில் ஏற வேண்டும்.

குரங்கணிக்குப் பின்

மலையேற்றம் என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் 2018 மார்ச் 11-க்கு முன், பின் என்று இரண்டு காலங்கள் உண்டு. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பற்றிய தீ, கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைச் சூழ்ந்தது. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழு. மொத்தம் 23 பேர் இறந்தார்கள். பலர் இருபதுகளில் இருந்தவர்கள். அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. அந்த ஆண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகள் தரம் பிரிக்கப்பட்டன. அனுமதி கட்டாயமானது.

அதற்குப் பின் பல ஆண்டுகள் நிலவியது அச்சம். பாதைகள் மூடப்பட்டன. அதிகாரிகளுக்குக் கையெழுத்துப் போடத் தயக்கம். நடக்க விரும்பியவர்கள் என்ன செய்தார்கள்? அனுமதி இல்லாமல் போனார்கள்; அல்லது எல்லை தாண்டிப் போனார்கள். ஊத்துக்கோட்டைக்கு அப்பால் கூட்டம் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். தடை ஆசையை அழிப்பதில்லை. அதை ஆள் இல்லாத இடத்துக்குத் தள்ளிவிடுகிறது.

மாற்றம் வந்தது 2024 அக்டோபர் 24-ல். துணை முதலமைச்சர் உதயநிதி ஸ்டாலின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 14 மாவட்டங்களில் 40 பாதைகள். தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் வனத்துறையும் சேர்ந்து நடத்துகின்றன. இணையத்தில் முன்பதிவு. ஒவ்வொரு குழுவுடனும் பயிற்சி பெற்ற வழிகாட்டி போகிறார். அப்படிப் பயிற்சி பெற்ற 300-க்கும் மேற்பட்டோர் பழங்குடிக் கிராமங்களையும் காட்டோர ஊர்களையும் சேர்ந்த இளைஞர்கள். தன் தாத்தா தேன் எடுத்த பாறையை வெளியூர்க்காரருக்குக் காட்டிச் சம்பளம் வாங்குகிற வேலை இது. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான். கட்டணம் கூடுதல் என்ற குரல் எழுந்ததும் நியாயமே. ஐந்து பேர் சேர்ந்து போனால் ஷிஃப்ட் தொழிலாளிக்கு அது கனமான தொகை.

40 பாதைகளில் ஒன்று குற்றாலத்தின் செண்பகாதேவி அருவிக்குப் போகிறது. பேரருவிக்கு மேலே காட்டுக்குள் நடந்து போய்ப் பார்க்கும் அருவி. நெடுங்காலம் பொதுமக்களுக்கு எட்டாமல் இருந்தது. இன்று அனுமதியோடும் வழிகாட்டியோடும் அதே மலையில் நடக்க முடிகிறது. அதாவது, ஓர் அருவிப் பாதையை ஒழுங்காக நடத்த நம் அரசுக்குத் தெரியும். செய்து காட்டியிருக்கிறது.

பெட்டிச் செய்தி: தீ மாதங்கள்

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீக் காலம். 2025-ல் இந்த இரண்டு மாதங்களும் தமிழ்நாட்டு மலையேற்றப் பாதைகள் மூடப்பட்டிருந்தன. இந்த நாட்களில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் புல்லும் மூங்கிலும் ஒரு பீடித் துண்டுக்குப் பற்றிக்கொள்ளும். பல அருவிகளில் தண்ணீரும் இருக்காது. மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு ஏற்ற பருவம் வெள்ளம் வடிந்த டிசம்பர் பிற்பாதியிலிருந்து ஜனவரி இறுதி வரை.

செம்மரக் காட்டில் தமிழ் இளைஞன்

எல்லை தாண்டிப் போகிறவர்கள் யோசிக்காத ஒன்று உண்டு. திருப்பதி மாவட்டக் காடுகள் செம்மரக் காடுகள். உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராமல், கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே வளர்கிற மரம். 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கடத்தல் நிற்கவில்லை. கடத்தலைத் தடுக்கத் தனிப்படையே காட்டில் சுற்றுகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் அந்தப் படை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து ஏழைகள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

அருவிக்குப் போகிற மாணவனை யாரும் சுடப் போவதில்லை. ஆனால் பதிவு இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை, மொழி தெரியாது, முதுகில் பை, பின்மாலை நேரம், காப்புக்காடு. காவலருக்கு என்ன தோன்றும் என்று நாமே நினைத்துப் பார்க்கலாம். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம், எந்த மாநிலமானாலும். நுழைவுச் சீட்டு என்பது வெறும் காசுக்கான ரசீது இல்லை. இன்னார் உள்ளே போனார், இன்னும் வெளியே வரவில்லை என்று ஒருவருக்குத் தெரிவதற்கான ஒரே வழி அது.

சுற்றிவரும் பாதை ஏன் வேண்டும்?

போன வழியே திரும்பாமல், ஒரு வளையமாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் காட்டுப் பாதைகள் உலகின் பல வனப் பூங்காக்களில் உண்டு. மூன்று, நான்கு கிலோமீட்டர்தான் இருக்கும். நடுவில் ஓர் அருவியோ பாறை முகடோ. பாட்டியும் பேரனும் நடக்கலாம்.

இதில் பல நன்மைகள் உண்டு. எல்லோரும் ஒரே திசையில் நடப்பதால் குறுகிய இடத்தில் எதிரும் புதிருமாக முட்டிக்கொள்வதில்லை. ஒரே வாயில் என்பதால் உள்ளே போன தலைகளையும் வெளியே வந்த தலைகளையும் மாலையில் எண்ணிப் பார்த்துவிடலாம். குறைந்தால் உடனே தேடலாம். மிதிபடும் இடம் ஒரு கோட்டோடு நின்றுவிடுவதால் மற்றக் காடு தப்புகிறது. அடையாளம் போடுவதும் எளிது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீளம். அதன் முழு நீளத்துக்கும் மரங்களிலும் பாறைகளிலும் ஒரே அளவில் வெள்ளைப் பட்டை தீட்டியிருக்கிறார்கள். அடுத்த பட்டை கண்ணில் படாவிட்டால் திரும்பிக் கடைசிப் பட்டைக்கு வா என்பதுதான் விதி. பெயின்டும் தூரிகையும் போதும். நாகலாபுரத்தில் யாரோ தீட்டிய அம்புகளை அழித்துவிட்டு வனத்துறையே ஒரே நிறத்தில் ஒரே ஒழுங்கில் தீட்டினால் பாதிப் பேர் வழி தவற மாட்டார்கள்.

நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே அப்படியொரு பாதைக்கு இடம் இருக்கிறது. பூண்டிக்கு அப்பால் அல்லிக்குழி மலை. கூழாங்கற்கள் பதிந்த பழம்பாறை. அதன் மடியில் குடியம் குகைகள். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் பல்லாவரத்தில் முதல் கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கொசஸ்தலை ஆற்றங்கரையில் அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். அங்கே சாந்தி பப்பு குழுவினர் செய்த அகழாய்வு, அந்தக் கைக்கோடரிகள் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-ல் உலகுக்குச் சொன்னது. குடியம் பாறை ஒதுக்கிலும் 1960-களில் அகழாய்வு நடந்தது. குகைக்குள் இன்றும் ஊர்மக்கள் அம்மனை வழிபடுகிறார்கள். ட்ரெக் தமிழ்நாடு பட்டியலில் திருவள்ளூர் மாவட்டத்துக்காக இடம்பெற்றிருப்பது குடியம்தான். சென்னீர்குப்பத்திலிருந்து காலையில் கிளம்பி மதியத்துக்குள் வீடு திரும்பலாம். இவ்வளவு பக்கத்தில் இருப்பதைத் தெரியாமலே நம் பிள்ளைகள் எல்லை தாண்டி ஓடுகிறார்கள். பள்ளிகளுக்கு இதைவிட நல்ல வரலாற்று வகுப்பு கிடைக்குமா?

அந்த மலையின் தண்ணீர் நம் குழாயில்

அருவிக் குளத்தில் ஷாம்பு பாக்கெட்டும் உடைந்த பீர் பாட்டிலும் கிடப்பதைப் பார்த்தவர்கள் நிறைய இருப்பார்கள். அது ஆந்திரத்துக் குப்பை, நமக்கென்ன என்று நினைக்க முடியாது. நாகலாபுரம், பிச்சாட்டூர்ப் பக்கத்து மலைகளின் ஓடைகள் ஆரணியாற்றில் சேர்கின்றன. பிச்சாட்டூர் அணை நிரம்பித் திறந்துவிட்டபோது ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் முழுகியிருக்கிறது. பெரியபாளையம் வழியாக ஓடிப் பழவேற்காட்டில் கலக்கும் ஆறு அது. மேற்கே நகரி மலைப் பக்கத்திலிருந்து வரும் நகரி ஆறு கொசஸ்தலையில் சேர்ந்து பூண்டிக்கு வருகிறது. 1944-ல் திறக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து கால்வாய் வழியே செம்பரம்பாக்கம். அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையம். பிறகு நம் வீட்டுக் குழாய். கிருஷ்ணா நீரும் 1996 முதல் ஊத்துக்கோட்டைக்கு அருகே தாமரைக்குப்பத்து ஜீரோ பாயிண்ட்டில்தான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஞாயிறு காலை பைக்கில் போகிறவர்கள் தங்கள் குடிநீர் வரும் வழியை எதிர்த்திசையில் கடந்து போகிறார்கள்.

உடைந்த கண்ணாடி அடுத்து வரும் பிள்ளையின் காலைக் கிழிக்கும் என்பது ஒரு பக்கம். மாடு, மான், கரடி எல்லாம் அந்த ஓடையில்தான் தண்ணீர் குடிக்கின்றன. சோப்பு நுரை ஓடைப் பூச்சிகளைக் கொல்லும். பூச்சி இல்லாவிட்டால் மீன் இல்லை. ஊருக்கு வெளியே இருக்கும் தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீர் என்ற எண்ணத்தை விட வேண்டும்.

பெட்டிச் செய்தி: போகும் முன்

அனுமதியும் பதிவும் இல்லாத பாதைக்குப் போகாதீர்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மதியம் இரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். அருவி இன்னும் நூறு அடிதான் என்றாலும்.

நீச்சல் தெரியாதவர் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். தெரிந்தவரும் அருவி விழும் இடத்துக்கு நேர் கீழே போக வேண்டாம். யாரும் மேலிருந்து குதிக்க வேண்டாம்.

மூழ்கியவரை மீட்டதும் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்குவது தவறு, நேரம்தான் வீணாகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து உடனே வாயோடு வாய் மூச்சு ஊதி, மார்பை அழுத்தத் தொடங்குங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். 108 ஆம்புலன்ஸ் இரண்டு மாநிலங்களிலும் உண்டு.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. எந்த மருத்துவமனையும் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாடு வனத்துறைக்கு: திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஒரே ஒரு பாதை போதாது. அல்லிக்குழி மலையில் மூன்று நான்கு கிலோமீட்டர் சுற்றுப்பாதைகள் இன்னும் இரண்டைத் திறக்கலாம். பூண்டி, ஊத்துக்கோட்டைப் பகுதி இருளர் இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலை கிடைக்கும்; காட்டையும் பாம்பையும் அவர்களைவிட அறிந்தவர் இல்லை. மாணவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சலுகைக் கட்டணம் வையுங்கள்.

இரண்டு மாநில அரசுகளுக்கு: நாகலாபுரம், தடா பக்கம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். எச்சரிக்கைப் பலகைகள் தமிழிலும் இருக்க வேண்டும். மழை எச்சரிக்கை வந்தால் ஊத்துக்கோட்டைச் சோதனைச் சாவடியிலேயே ஒரு பலகை வைத்துத் திருப்பி அனுப்பிவிடலாம். கிருஷ்ணா நீருக்கு 1983-ல் ஒப்பந்தம் போட முடிந்த இரு மாநிலங்களுக்கு இது பெரிய காரியமில்லை.

ஆவடி மாநகராட்சிக்கும் பூந்தமல்லி நகராட்சிக்கும்: பிள்ளைகள் நீச்சல் கற்கச் சுத்தமான, காவலர் உள்ள பொதுக் குளம் ஒன்றாவது கட்டுங்கள். ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து மீட்டர் நீந்தவும் இரண்டு நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வாரம் கிளம்பத் திட்டமிட்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு: ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் குடியத்துக்குப் பதிவு செய்யுங்கள். அருவிதான் வேண்டும் என்றால் நுழைவாயிலும் காவலரும் உள்ள இடத்துக்குப் போங்கள், கயிறும் காலிக் கேனும் எடுத்துச் செல்லுங்கள். நாகலாபுரத்து ஓடைகளுக்குள் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகாதீர்கள்.